உதடு காய்ந்தவள் சொன்ன செய்தி

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. கேட்ட அன்று பாதி நம்பினேன். வீடு வந்து சேர்வதற்குள் அதுவும் போய்விட்டது. இதில் கரடி பேசுகிறது, பன்றி படிவம் கொடுக்கிறது, ஈ சான்று சொல்கிறது. அதிலெல்லாம் எனக்குச் சிக்கல் இல்லை. எனக்குச் சந்தேகம் வந்தது இதைச் சொன்ன ஆமையின் மேல்தான். எல்லாவற்றையும் கிட்டத்தில் இருந்து பார்த்தேன் என்றது; எதிலும் தனக்குப் பங்கில்லை என்றது. இப்படிச் சொல்பவர்களை என் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். சில நாள் கண்ணாடியிலும் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நானும் பிறர் சொன்னதை எழுதியே பிழைத்தவன். சந்தேகமான செய்தியைச் சந்தேகம் என்று சொல்லிவிட்டு வெளியிடுவது எங்களிடம் உள்ள பழக்கம்தான்.

ஒரு காட்டில் ஒரே ஒரு குளம் இருந்தது. குளக்கரையில் ஓர் இலுப்பை மரம். அந்த மரத்தில் மணவாளன் என்றொரு கரிச்சான் குருவி குடியிருந்தான். கரிச்சானுக்கு எந்தக் குரலையும் அப்படியே திருப்பிச் சொல்ல வரும். பகலெல்லாம் காட்டில் பறந்து யார் யார் என்ன பேசினார்கள் என்று கேட்டுக்கொண்டு, சாயங்காலம் இலுப்பைக் கிளையில் உட்கார்ந்து, பேசியவர்களின் குரலிலேயே சொல்லுவான். அதுதான் அந்தக் காட்டுக்குச் செய்தி.

ஒரு கோடையில் சிக்கல் வந்தது. நரி குளத்தில் வாய் வைத்துக் குடித்தபடியே தன் மாமியாரைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டது. மணவாளன் அதை அன்று சாயங்காலமே நரியின் குரலில் சொன்னான். மாமியாரும் கேட்டுக்கொண்டிருந்தாள். நரி மூன்று வாரம் வளையை விட்டு வெளியே வரவில்லை. மிருகங்கள் கூடிப் பேசின. தண்ணீர் குடிக்கும் இடத்தில் நாலு வார்த்தை வாய்தவறி வரத்தான் செய்யும், அதையெல்லாம் ஊருக்குச் சொன்னால் யார்தான் நிம்மதியாகக் குடிப்பது என்று ஒரு சட்டம் போட்டன.

வாய் ஈரமாக இருக்கும்போது பேசியது சொந்தப் பேச்சு. அது செய்தி ஆகாது. வாய் காய்ந்திருக்கும்போது பேசியது பொதுப்பேச்சு. அது செய்தி.

இதைச் சரிபார்க்க ஓர் ஈயை நியமித்தார்கள். ஈ மணவாளனோடு கூடவே பறக்கும். பேசியவர் உதட்டில் உட்கார்ந்து பார்க்கும். கால் நனைந்தால் "ஈரம்" என்னும். நனையாவிட்டால் "காய்ஞ்சது" என்னும். அதற்குமேல் அது ஒரு வார்த்தை பேசாது. நேர்மையான ஈ.

நியாயமான சட்டம்தான். எல்லாருக்கும் வாய் இருக்கிறது, எல்லாருக்கும் குளம் இருக்கிறது என்றுதான் அன்று நினைத்தார்கள்.

குளத்துக்குத் தலைவர் திருமேனி என்ற கரடி. அவருக்குச் செயலாளர் உலகநாதன் என்ற காட்டுப்பன்றி. பெரிய மிருகங்கள் காலையிலும் மாலையிலும் குடிக்கும். அவை படுத்துத் தூங்கும் மத்தியான நேரம் முயல், முள்ளெலி, சருகுமான் போன்ற சிறு பிராணிகளின் முறை. ஒவ்வொரு கோடை முடிவிலும் மேல்மலையிலிருந்து ஒரு யானை ஆய்வுக்கு வரும். யானை யாரையும் நேரில் விசாரிக்காது, அதற்கு நேரமில்லை. ஈ ஒப்புக்கொண்ட செய்திகளை மட்டும் மணவாளன் சொல்லக் கேட்கும். சிறு பிராணிகளுக்குத் தண்ணீர் கிடைத்தது என்று அவர்களில் ஒருவர் வாயாலேயே செய்தி வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தலைவர் பதவி போய்விடும்.

அந்த வருடம் கோடை கடுமை. திருமேனி பாறைமேல் ஏறிப் பேசினார்.

"சிறு பிராணிகள் என் இரண்டு கண்கள்! அவர்கள் முறையில் எவனாவது கை வைத்தால், அவன் என் கண்ணில் விரலை விடுகிறான் என்று அர்த்தம்!"

ஈ உட்கார்ந்து பார்த்தது. "காய்ஞ்சது." சாயங்காலம் காடு முழுக்கக் கேட்டது. முயல்கள் பின்னங்காலைத் தட்டின.

மறுநாள் காலை திருமேனி குளத்தில் இறங்கி வயிறு முட்டக் குடித்தார். தாடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பினார்.

"உலகநாதா, அந்த மத்தியான முறையைத் தூக்கிடு."

"ஐயா, நேத்துத்தானே கண்ணுன்னு சொன்னீங்க?"

"கண்ணுக்கு எதுக்குய்யா தண்ணி? அதுல தானா வரும்."

பன்றி புரண்டு புரண்டு சிரித்தான்.

"வெயில் நேரத்துல நான் முங்கிக் கிடக்கணும்யா. உடம்பு பூரா மயிரு. ஒருநாள் இதைப் போட்டுக்கிட்டு நின்னு பாரு, தெரியும்." அப்போதுதான் இலுப்பைக் கிளையில் மணவாளன் இருப்பதைப் பார்த்தார். "என்ன தம்பி, கேட்டாச்சா?"

ஈ பறந்துபோய் அவர் உதட்டில் உட்கார்ந்தது. ஆறு காலும் நனைந்தது.

"ஈரம்."

"அப்புறமென்ன?" என்று திருமேனி மறுபடி தண்ணீரில் வாய் வைத்தார்.

மத்தியானம் செவத்தி என்ற சருகுமான் குளத்துக்கு வந்தாள். குட்டி ஈன்று பன்னிரண்டு நாள். மடியில் பால் சுண்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் குடித்தால்தான் ஊறும். குளத்து வழியில் பன்றி உட்கார்ந்திருந்தான்.

"முறை இல்லம்மா. பராமரிப்புப் பணி."

"குட்டி கெடக்கு சார். ரெண்டு வாய் குடிச்சிட்டுப் போயிடறேன்."

"அப்போ தாக விலக்குப் படிவம் குடுக்கணும். தாகம் எப்போ இருந்து? பரம்பரையா, புதுசா? கடைசியா குடிச்சதுக்குச் சாட்சி யாரு?"

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

"கீழே குளம்புக்குறி வை."

வைத்தாள். ஒன்றும் பதியவில்லை.

"காய்ஞ்ச குளம்பு பதியாது. நனைச்சு வைக்கணும்."

"நனைக்கத் தண்ணி?"

"அதுக்குத்தானம்மா படிவம்" என்றான் உலகநாதன், குழந்தைக்குச் சொல்வதுபோல.

செவத்தி புதருக்குத் திரும்பினாள். பக்கத்துப் பொந்தில் இருக்கும் முள்ளெலி குப்பாயி எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, வெறும் வாயோட வர்றே? நாமெல்லாம் ஐயாவோட கண்ணாம்ல?"

"அந்தக் கண்ணு அவிஞ்சு போக" என்றாள் செவத்தி. "நடுக்குளத்துச் சேத்துல மாட்டிக்கிட்டு அவன் முங்கிச் செத்தாத்தான் என் குட்டிக்குப் பால் ஊறும்."

குப்பாயி சிரித்ததில் முள்ளெல்லாம் கலகலத்தது. தன் வீட்டில், தன் தோழியிடம், வயிறு எரிந்து சொன்ன சொல். ஆனால் புதருக்கு மேல் கிளையில் மணவாளன் உட்கார்ந்திருந்தான். ஈ இறங்கிவந்து செவத்தியின் உதட்டில் நடந்து பார்த்தது.

"காய்ஞ்சது." அன்று மட்டும் அது கூடுதலாக ஒரு வார்த்தை சொன்னது. "வெடிச்சிருக்கு."

மணவாளன் அன்று பகல் முழுக்க இரை தேடவில்லை என்றது ஆமை. சொல்லலாமா, வேண்டாமா என்று கிளைக்குக் கிளை மாறி உட்கார்ந்தானாம். வீட்டுக்குள் பேசியது செய்தியாகாது என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. ஈரம், காய்ந்தது, இரண்டே வகை. குளத்தில் கிடந்த உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். தண்ணீரில் அவன் நிழல் தெரிந்தது என்றது. நிழலைப் பார்த்தே மனப்போராட்டம் கண்டுபிடிக்கிற சாட்சி. சரி, மேலே போவோம்.

சாயங்காலம் செவத்தியின் குரலிலேயே காடு கேட்டது: "முங்கிச் செத்தாத்தான்..."

இருட்டுவதற்குள் அது, தலைவரைக் குளத்தில் அமுக்கிக் கொல்லச் சதி என்று ஆகிவிட்டது. திருமேனி பாறையில் ஏறி, காய்ந்த வாயோடு, "என்னைச் சபிப்பவர்களையும் நான் நேசிக்கிறேன்" என்றார். பிறகு குளத்துக்குப் போய் ஒரு வாய் குடித்துவிட்டு, "அவளைக் குளத்துப் பக்கமே விடாதே" என்றார். முதல் வாக்கியம் மட்டும் செய்தி.

விடிந்ததும் செவத்தி இலுப்பை மரத்தடிக்கு வந்தாள்.

"ஏன் தம்பி, உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

"நான் ஒரு சொல்லும் சேர்க்கலைக்கா. உங்க குரல்லயேதான் சொன்னேன்."

"அவரு பேசினதையும் கேட்டியாமே?"

"கேட்டேன்."

"அதை ஏன் சொல்லலை?"

"அவர் வாய் ஈரமா இருந்துச்சு."

"தண்ணி கெடைச்சிருந்தா என் வாயும் ஈரமாத்தான் இருந்திருக்கும். நான் அப்படிப் பேசியும் இருக்க மாட்டேன்" என்றாள் செவத்தி. "குடிக்கிறவன் பேச்செல்லாம் சொந்தப் பேச்சு, குடிக்க வழியில்லாதவ பேச்செல்லாம் ஊர்ப் பேச்சா? என் குட்டி தலையைத் தூக்க மாட்டேங்குது தம்பி. அது செய்தி இல்லையா?"

"அது பேசலையேக்கா" என்றான் மணவாளன். சொன்ன பிறகு தன் அலகைத் தானே கடித்துக்கொண்டான்.

செவத்தி திரும்பிப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் மணவாளன் ஒரு காரியம் செய்தான். செய்தி சொல்லும் முன் குளத்தில் அலகை முக்கிக்கொண்டான். ஈரவாயால் சொல்வது செய்தி இல்லை. செய்தி இல்லாததைச் சொன்னால் சட்டம் மீறியதாகாது. சொட்டும் அலகோடு, திருமேனியின் குரலில், கண்ணுக்கு எதுக்குய்யா தண்ணி என்பதிலிருந்து உடம்பு பூரா மயிரு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லிவிட்டு, காடு கொதிக்கப்போகிறது என்று காத்திருந்தான்.

இந்த இடத்தில் நான் ஆமையை நிறுத்தி, "கொதித்ததா?" என்று ஆவலாகக் கேட்டேன். அந்த ஆவலை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்துவிட்டு.

காடு வயிறு குலுங்கச் சிரித்தது.

"கரடின்னா இவர்தாம்ப்பா! மனசுல பட்டதைப் பட்டுனு சொல்றாரு" என்றது குரங்கு.

"பாறைமேல பேசினா கொட்டாவி வருது. இது ருசியா இருக்கு" என்றது செந்நாய்.

முறை போன முயலே, காய்ந்த நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "தானா வரும்னாரே, என்னமா பேசுறாரு!" என்று வியந்தது.

திருமேனிக்கு ஒரே நாளில் விஷயம் பிடிபட்டது. மறுநாள் பாறைக்கு வரும்போதே வாய் நிறையத் தண்ணீரோடு வந்தார். பேச்செல்லாம் கொப்பளிப்பும் குளறலுமாக இருந்தது. பாதி புரியவில்லை. ஆனால் ஐயா இன்று உள்ளத்திலிருந்து பேசினார் என்று எல்லாரும் சொன்னார்கள். பிறகு அது பழக்கமாயிற்று. பெண் பார்க்கப் போனாலும், எல்லைத் தகராறு பேசினாலும், சும்மா நலம் விசாரித்தாலும் முதலில் குளத்துக்குப் போய் வாயை நனைத்துக்கொண்டார்கள். காய்ந்த வாயோடு பேசுகிறவன் எதையோ மறைக்கிறான் என்று ஆகிவிட்டது. சிறு பிராணிகளுக்கும் சலுகை வந்தது: பேசுவதற்காக உதடு நனைக்க வந்தால் படிவம் தேவையில்லை. முயலும் குப்பாயியும் அந்தச் சாக்கில் ஆளுக்கு ஒரு நக்கு நக்கிப் பிழைத்துக்கொண்டார்கள். செவத்திக்கு மட்டும் அதுவும் இல்லை. சதிகாரி. கிழங்கு தோண்டித் தின்றாள். குட்டிக்குக் கிடைத்தது வெறும் மடி.

குப்பாயி ஒருநாள் வாயில் தண்ணீரை அடக்கிக்கொண்டு அவளுக்காக ஓடிவந்தாள். பாதி வழியில் குரங்கு, "எங்கம்மா ஓட்டம்?" என்று கேட்டது. பதில் சொல்லாமல் போகிற பழக்கம் குப்பாயிக்குக் கிடையாது. வாயைத் திறந்தாள், தண்ணீர் போய்விட்டது.

ஈ நாள் முழுக்க "ஈரம், ஈரம், ஈரம்" என்று சொல்லிச் சொல்லிக் கால் ஊறிப்போய்க் கிடந்தது. மணவாளன் தினமும் சாயங்காலம் கிளையில் உட்கார்ந்து, "இன்று செய்தி இல்லை" என்று சொல்லிவிட்டு இறங்கினான். எல்லாரும் வாய் நனைத்து நனைத்துக் குளம் முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது.

எட்டாவது நாள் உலகநாதன் ஓடிவந்தான்.

"ஐயா, நாளைக்கு யானை வருது. சிறு பிராணிக வாயால பதிவுல இருக்கிறது ஒரே ஒரு செய்திதான். நீங்க முங்கிச் சாகணும்னு செவத்தி சொன்னது."

"முயலைக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுய்யா."

"கேட்டாச்சுங்க. காய்ஞ்ச வாயோட உங்களைப் பத்திப் பேச அதுக்குப் பயம். பதிவாயிடுமேங்குது. எவனும் வாயைக் காய விட மாட்டேங்கிறான். காட்டுலயே காய்ஞ்ச வாய் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

அப்படியாகத் திருமேனி செவத்தியின் புதர் வாசலுக்கு வந்தார். மணவாளனையும் ஈயையும் கையோடு கூட்டிவந்தார். தாடையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே குட்டி கண்ணை மூடிக் கிடந்தது.

"அம்மா செவத்தி, நல்லா இருக்கியாம்மா? ஒரே ஒரு வார்த்தை. சிறு பிராணிகளுக்குத் தண்ணீர் தாராளமாகக் கிடைக்கிறது. இதை மட்டும் சொல்லிடு. அப்புறம் குளம் உன்னுது."

"முதல்ல தண்ணி" என்றாள் செவத்தி.

"அது எப்படிம்மா? குடிச்சா வாய் ஈரமாயிடும். வார்த்தை செல்லாமப் போயிடும்."

"சொன்னப்புறம் நீங்க விடலைன்னா?"

"நான் வாக்குக் கொடுக்கிறேன். மத்தியான முறை உங்களுக்கு உண்டு, உனக்கும் உண்டு!"

செவத்தி ஈயைப் பார்த்தாள். ஈ திருமேனியின் உதட்டில் உட்கார்ந்து எழுந்தது.

"ஈரம்."

"வாயைக் காய வெச்சிட்டுச் சொல்லுங்க ஐயா" என்றாள்.

பொந்துக்குள்ளிருந்து குப்பாயி, "நல்லா வெயில் பக்கமாத் திருப்பிக் காட்டுங்க, சீக்கிரம் காயும்!" என்றாள்.

குளத்துக்குத் தலைவர், உச்சி வெயிலில், ஒரு சருகுமானின் வாசலில், நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஈ மூன்று தடவை பார்த்து மூன்று தடவையும் தலையசைத்துவிட்டது. நாலாவது தடவை, "காய்ஞ்சது" என்றது. திருமேனி வறண்ட குரலில் வாக்கை மறுபடி சொன்னார். மணவாளன் ஒரு மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டான்.

பிறகு செவத்தி எழுந்து நின்றாள். மணவாளனை நேராகப் பார்த்தாள். வெடித்த உதட்டைத் திறந்தாள்.

"சிறு பிராணிகளுக்குத் தண்ணீர் தாராளமாகக் கிடைக்கிறது."

ஈ உட்கார்ந்தது. "காய்ஞ்சது."

அந்தக் காட்டில் எட்டு நாளைக்குப் பிறகு வந்த முதல் செய்தி அது. அவள் குரலிலேயே சொன்னான் மணவாளன். ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. மறுநாள் யானை வந்து கேட்டது. முன்னே ஒரு சாபம், பின்னே ஒரு நன்றி. குறை வந்தது, தீர்க்கப்பட்டது என்று குறித்துக்கொண்டு, சிறந்த குளம் என்று ஒரு மாலையைத் திருமேனி கழுத்தில் போட்டுவிட்டுப் போனது.

செவத்தி அதற்குக் காத்திருக்கவில்லை. வார்த்தையைச் சொன்ன கையோடு குளத்துக்கு ஓடினாள். பதிவான வாக்கு என்பதால் உலகநாதன் வழிவிட்டான். அவள் குடித்தாள். குடித்துக்கொண்டே இருந்தாள். திருமேனி அப்போதுதான் வெயில் தாங்காமல் குளத்தில் மிஞ்சிய தண்ணீரில் படுத்திருந்தார். அவள் தலையைத் தூக்கினாள். தாடையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. அவர் கண்ணைப் பார்த்து, சத்தமே போடாமல், ஏதோ சொன்னாள்.

என்ன சொன்னாள் என்பது செய்தியில் இல்லை. கரடியின் முதுகு மயிர் நனைந்தபடியே நிமிர்ந்து நின்றது என்றது ஆமை. அதற்குப் பிறகு மத்தியான வேளையில் அவர் அந்தக் குளத்தில் இறங்கவே இல்லையாம். செவத்தி தினம் வந்து குடிப்பாள். கரையில் அவர் இருந்தால் நனைந்த வாயோடு இன்னும் நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போவாள். மணவாளன் கிளையில் உட்கார்ந்து கேட்பான். ஈ "ஈரம்" என்னும். அவன் சிறகைக் கோதிக்கொள்வான். குட்டி அந்த வாரமே எழுந்து நடந்தது. அதுவும் செய்தியில் இல்லை.

இந்தக் கதையில் என்னைத் தூங்கவிடாதது செவத்தி காய்ந்த வாயால் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான். பதிவில் அவள் பெயரில் இருப்பது ஒரு சாபமும் ஒரு பொய்யும். அவள் சொன்ன உண்மையெல்லாம் குளத்தோடு போயிற்று. நான் எழுதிச் சேர்த்துவைத்திருக்கும் முப்பது வருடப் பேட்டிகளில் எத்தனை பேர் இப்படி உதடு காய்ந்து நின்று சொன்னார்களோ? நான் ஈயாக இருந்தேனா, கரிச்சானாக இருந்தேனா?

போன மாதம் மறுபடி அந்தக் குளத்துக்குப் போனேன். ஆமை அதே இடத்தில் தண்ணீருக்கு மேல் தலையை நீட்டியது. என்னை அடையாளம் கண்டுகொண்டு, "எழுதிட்டீங்களா?" என்றது. அதன் வாயோரத்திலிருந்து ஒரு துளி உருண்டு விழுந்தது. முதல் தடவையும் அப்படித்தான் விழுந்ததா என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். நினைவில்லை. இத்தனை வருடம் கேட்காமல் விட்டதை அப்போதுதான் கேட்டேன்:

"இதையெல்லாம் என்னிடம் சொன்ன அன்று உன் வாய் காய்ந்திருந்ததா?"

நீதி: பொய்யை வெறும் வாயில் சொல்லவும். உண்மையைத் தண்ணீர் குடித்த பிறகு சொல்லவும்.